ஃபியட் 500 எஃப்: தகட்டில் ஒரு எஞ்சின், பிளாக்கில் வேறொன்று

#1 · பலேர்மோவாசி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் யாழ்ப்பாணம், இருப்பு சிசிலியில பலேர்மோ. இருபது வருசமாத் தெருவில பாத்துப் பாத்து ஆசைப்பட்ட காரைப் போன மாசம்தான் வாங்கினன். ஃபியட் 500 எஃப், 1969, வெளிர்நீலம். பழைய கறுப்பு நம்பர் தகடு அப்பிடியே இருக்கு. வித்த மனுசன் நெஞ்சில கையை வைச்சு "துத்தோ ஒரிஜினாலே" எண்டு சொன்னவர். எல்லாம் ஒரிஜினலாம்.

பிரச்சினை என்னெண்டா, கார் அளவுக்கு மிஞ்சி நல்லா ஓடுது. சிரிக்காதேங்கோ. மொன்தே பெல்லெக்ரினோவில சாந்தா ரொசாலியா கோயிலுக்கு ஏறுற வளைவுகளில மூண்டாம் கியரிலயே இழுக்குது. என்ரை கூட்டாளியின்ரை 500 அதே ஏத்தத்தில ரெண்டாம் கியரில அழும். 18 குதிரை வலுவுக்கு இது சரிவராது எண்டு மனம் சொல்லிச்சு.

நேற்று பின் மூடியைத் திறந்து, மண்ணெண்ணெயும் பழைய பல்லுத் தூரிகையுமா இருந்து பிளாக்கில, அதான் எஞ்சின்ரை உடம்பில, குத்தின எஞ்சின் வகை எழுத்தைத் தேய்ச்சு எடுத்தன். 126 ஏ1.000. முன்னுக்கு இருக்கிற கொம்பனி விவரத் தகட்டில 110 எஃப்.000. லிப்ரெத்தோ, அதான் இஞ்சத்தைய வாகனப் புத்தகம், அதிலயும் 110 எஃப்.000.

இன்னொரு கூத்தும் இருக்கு. ஸ்பெயார் சில்லு முன்னுக்குப் பூட்டலாம், பின்னுக்குப் பூட்டேலாது. ஓட்டை பொருந்துதில்லை. நான் வாங்கினது என்ன கார்?

#2 · கார்புரேட்டர்_சென்னை

அண்ணா, செம கார். ஆனா எழுத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. பிளாக்கை மட்டும் மாத்திட்டு மேல எதை வேணா போட்டிருக்கலாம். ஈஸியா ஒரு டெஸ்ட் இருக்கு: பிளக்கைக் கழட்டி நீளமா ஒரு கம்பியை விடுங்க, புல்லியைக் கையால சுத்துங்க, பிஸ்டன் எவ்வளவு ஏறி இறங்குதுன்னு அளங்க. சிசி தெரிஞ்சிடும். புல்லட்டு 350-யா 500-ஆன்னு நாங்க இப்படித்தான் பாப்போம்.

#3 · பழைய_பத்மினி

சென்னைத் தம்பி, கோவிச்சுக்காதீங்க. புல்லட்டுல 350க்கும் 500க்கும் ஸ்ட்ரோக்கு, அதாவது பிஸ்டன் ஏறி இறங்குற தூரம், ஒண்ணுதானுங்க, 90 மில்லிமீட்டர். போருதான், அதாவது சிலிண்டரோட உள் அகலம், 70, 84ன்னு மாறும். கம்பியை விட்டு நீங்க எதைக் கண்டுபிடிச்சீங்கன்னு தெரியலீங்களே!

#4 · கார்புரேட்டர்_சென்னை

ஐயா, மானத்தை வாங்கிட்டீங்க. அந்த டெஸ்ட்டை எனக்குச் சொல்லிக்குடுத்தவரைத் தேடிட்டிருக்கேன்.

#5 · சூரிச்_ஸ்பானர்

பத்மினி ஐயா சொன்ன கதைதான் இந்தக் காருக்கும். 1957இல முதல் வந்த 500இல இருந்து பிறகு வந்த ஃபியட் 126 கார் வரைக்கும், காத்தில குளிருற இந்த ரெண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் எப்பவும் 70 மில்லிமீற்றர். ஃபியட்காரன் பக்கவாட்டிலதான் கொழுக்க வைச்சவன். முதல் 500க்கு போர் 66, அது 479 சிசி. பிறகு வந்த 500 டி, எஃப், எல் எண்ட மூண்டு மாடலுக்கும் 67.4, அது 499.5 சிசி. 126 வரேக்க 73.5 ஆகி 594 சிசி. பிறகு 1977இல 77 ஆகி 652 சிசி. கம்பி விட்டா எல்லாத்திலயும் 70தான் வரும். ஹெட்டை, அதான் சிலிண்டரின்ரை மேல்மூடியை, தூக்கி வெர்னியர் வைச்சாத்தான் ஆளைப் பிடிக்கலாம்.

தம்பி பலேர்மோ, 126 ஏ1.000 எண்டா அந்தக் கடைசி 652 சிசி, 24 குதிரை. உம்மட மலையேத்தத்துக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும்.

ஆனா ஒண்டு. 126 எண்டு தொடங்கினவுடன "வேற கார் எஞ்சின்" எண்டு எல்லாரையும் சொல்லேலாது. 1972இல இருந்து 1975 வரைக்கும் வந்த 500 ஆர் காருக்குக் கொம்பனியே 594 சிசி எஞ்சினை வலு குறைச்சு, திரும்ப 18 குதிரையாக்கிப் போட்டு விட்டது. அதின்ரை எழுத்து 126 ஏ5.000. அந்தக் காரில அது சரியான எஞ்சின். போன வருசம் இஞ்ச ஒருத்தர் தன்ரை 500 ஆரைப் பாத்து ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு ஒரு கிழமை நித்திரை கொள்ளேல்லை. ஏ5ஓ ஏ1ஓ எண்டு அந்த ஒரு இலக்கத்தை வடிவாப் பாக்கவேணும். திரும்பவும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுப் பாரும்.

#6 · பலேர்மோவாசி

அண்ணை, டோர்ச் அடிச்சு, மேல வெள்ளைச் சோக்குப் பூசித் துடைச்சும் பாத்திட்டன். ஏ1தான். சந்தேகமில்லை.

#7 · பழைய_பத்மினி

இந்தப் பக்கவாட்டுக் கொழுப்பால நானும் பட்டிருக்கேனுங்க. நம்மூர் ஃபியட் 1100 டிலைட்டு, அப்புறம் பிரீமியர் பத்மினின்னு வந்துச்சே, எல்லாத்துக்கும் 1089 சிசி. போரு 68, ஸ்ட்ரோக்கு 75. இத்தாலியில அதே முகம், அதே பாடி, பேரும் 1100 டி. ஆனா அங்க அதுக்கு எஞ்சின் 1221 சிசிங்க. ஸ்ட்ரோக்கு அதே 75, போரு மட்டும் 72.

இது தெரியாம 2011ல இத்தாலிக் கடை ஒண்ணுல பிஸ்டன் செட்டு வரவழைச்சேன். "1100 டி"ன்னு எழுதினேன், அவங்களும் 1100 டிக்கு உள்ளதையே அனுப்புனாங்க. அவங்க மேல தப்பில்லை. பெட்டியைப் பிரிச்சு பிஸ்டனை போருக்கு மேல வச்சா, பானை வாயில மூடி உக்காந்த மாதிரி மேலயே நிக்குது! நாலு மில்லிமீட்டர் பெருசு. நான் கேட்டிருக்க வேண்டியது 1100 ஆர். 1966ல அந்த ஆர் வந்தப்போ இத்தாலிக்காரங்களே பழையபடி 1089க்கு வந்துட்டாங்க. அந்த பிஸ்டன் நாலும் இன்னமும் பட்டறை அலமாரியில ஆஷ்ட்ரேயா இருக்குதுங்க.

பேரை நம்பி சாமான் வாங்கறதை அன்னைக்கே விட்டேன். அளந்துட்டுத்தான் காசு.

#8 · எண்_பொருத்தம்

ஒரிஜினல் எஞ்சின் போன கார் என்றால் மதிப்பு பாதி. அமெரிக்க ஏலங்களில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

#9 · சூரிச்_ஸ்பானர்

ஏலத்துக்குப் போற ஃபெராரிக்கு அது சரி. தோட்டக்காரனும் வாத்தியாரும் ஓடின ஃபியட் 500க்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இத்தாலியின்ரை லிப்ரெத்தோவில இருக்கிறது எஞ்சின் வகை, எஞ்சின் எண் இல்லை. தகட்டிலயும் அப்பிடித்தான். 110 எஃப்.000 எண்டு எழுதியிருந்தா, வேற ஒரு 500 எஃப் இல்லாட்டி எல் காரில இருந்து கழட்டின 110 எஃப்.000 எஞ்சினைப் போட்டாலும் கார் புத்தகப்படி சுத்தம். அதே தகட்டில உதிரிப்பாகத்துக்கெண்டு தனியா ஒரு எண்ணும் குத்தியிருக்கும், பாருங்கோ. இடையில கொம்பனி ஏதும் மாத்தியிருந்தா எந்தப் பாகம் பொருந்தும் எண்டு கண்டுபிடிக்கத்தான் அது. கண பேர் அதை எஞ்சின் எண் எண்டு நினைச்சுப் பிளாக்கோட ஒப்பிட்டு அழுகிறவை.

தம்பிக்கு வில்லங்கம் வகை மாறினதிலதான். இத்தாலிச் சாலைச் சட்டம் 78ஆம் பிரிவுப்படி, இப்பிடியான மாற்றத்தை மோத்தொரிஸ்ஸாஸியோனே எண்ட வாகனப் பதிவு அலுவலகத்தில காட்டிப் புத்தகத்தில ஏத்தவேணும். ஏத்தாம ஓடினா பிடிபடுற நாளில தண்டம். ஏ.எஸ்.ஐ. எண்ட பழங்கார் சங்கத்தின்ரை சான்றிதழ் எடுக்கப் போனாலும் முதல் கேக்கிறது எஞ்சின் எழுத்தின்ரை படத்தைத்தான்.

#10 · பழைய_பத்மினி

நம்ம ஊர்ல நேர் எதிருங்க. ஆர்சி புக்குல எஞ்சின் நம்பரே ஏறியிருக்கும். ஆர்டிஓ ஆபீஸ்ல பென்சிலால தேச்சு எடுத்த காகிதத்தை ஒட்டுவாங்க. நம்பர் மாறுச்சுன்னா அலைச்சல்தான். 2021ல மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதியில, அம்பது வருசம் தாண்டின வண்டிக்கு வி.ஏ.ன்னு தனி நம்பர் வரிசை தர்றாங்க. ஆனா சேசிஸு, பாடி, எஞ்சின் இதையெல்லாம் பெருசா மாத்தியிருக்கக் கூடாது. பத்மினிக்குள்ள பிரீமியர் 118 என்.ஈ. காரோட எஞ்சினைத் தூக்கி வச்சவங்க இப்ப முழிக்கறாங்க. அது நிஸ்ஸான் ஏ12, 1171 சிசி. இத்தாலிப் பொண்ணுக்கு ஜப்பான் இதயம்னு அந்தக் காலத்துல பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சோம்.

#11 · கார்புரேட்டர்_சென்னை

ஒரு டவுட்டு. 1969 கார்ல எதுக்கு ஒருத்தர் 126 எஞ்சினைத் தேடிப் போய்ப் போடணும்? ரேஸுக்கா?

#12 · பலேர்மோவாசி

ரேஸ் இல்லைத் தம்பி. இதுக்கு எனக்கே விடை தெரியும், இஞ்ச இருக்கிறபடியால். பலேர்மோவில இருந்து கிழக்கால போனா தெர்மினி இமெரேசே எண்டு ஒரு கடற்கரைப் பட்டணம். 1970இல ஃபியட் அதில தொழிற்சாலை திறந்தது. முதல் செய்தது 500. கடைசி 500உம் 1975 ஆகஸ்ட்டில அதே தொழிற்சாலையிலதான் இறங்கினது. அதுக்குப் பிறகு 126. எண்பதுகளில சிசிலி முழுக்க 126தான். துருப்பிடிச்சுப் போன 126 எல்லாம் ஸ்ஃபாஷோவில, அதான் பழைய இரும்புக் கடையில, குவிஞ்சு கிடந்தது. 500இன்ரை எஞ்சின் பிடிச்சுப் போனா அதைக் கடைஞ்சு திருத்துற காசில பாதிக்கு ஒரு முழு 126 எஞ்சின் கிடைச்சிருக்கும். கியர்பொக்ஸும் சேத்துத் தருவாங்கள். எங்கட தெருவில இருக்கிற மெக்கானிக் கிழவன், ஒரு சனிக்கிழமையில ரெண்டு கார் மாத்தியிருக்கிறன் எண்டு சொல்லுறார்.

#13 · சூரிச்_ஸ்பானர்

நல்லாச் சொன்னீர். அப்ப கியர்பொக்ஸையும் பாத்திடுவம். 500 எஃப்இல சிங்க்ரோ, அதான் கியர் மாத்தேக்க பல்லுகளின்ரை வேகத்தை ஒண்டாக்கிற அமைப்பு, இல்லை. மூண்டில இருந்து ரெண்டுக்கு இறக்கேக்க டபுள் கிளச், அதான் கிளச்சை ரெண்டு தரம், அடிச்சு, நடுவில ஒருக்கா அக்சிலேட்டரை மிதிக்காட்டிப் பல்லு நறநறக்கும். 126இல ரெண்டு, மூண்டு, நாலுக்குச் சிங்க்ரோ இருக்கு. ஒரு காலி றோட்டில, முப்பதில போகேக்க ஒரே கிளச்சில மூண்டில இருந்து ரெண்டுக்குப் போட்டுப் பாரும். வெண்ணெய் மாதிரி விழுந்தா கியர்பொக்ஸும் 126. டிஃபரென்ஷல் பல்லும் வேற: 500 எஃப்க்கு 8/41, 126க்கு 8/39. ஒரே வேகத்தில 126 பெட்டி போட்ட கார் கொஞ்சம் அமைதியா ஓடுறதுக்கு அதுதான் காரணம்.

சில்லு விசயமும் எனக்கு விளங்கிற்று. 500க்குச் சில்லு ஆணி நாலும் இருக்கிற வட்டம் 190 மில்லிமீற்றர். 126 தொடக்கத்தில அதே 190, பிறகு 98க்கு மாறினது. உம்மட கார் முன்னுக்கு 500, பின்னுக்குப் பிந்தின 126. ஸ்பெயார் பாவம், முன்பக்கக் கட்சி.

#14 · பலேர்மோவாசி

அளவுகோலோட படுத்துப் பாத்தன். முன்னுக்கு 190, பின்னுக்கு 98. ரெண்டாம் கியர் வெண்ணெய்தான் அண்ணை. பின்னுக்குக் காத்துப் போயிருந்தா மலையில நிண்டு சாந்தா ரொசாலியாவைத்தான் கூப்பிட்டிருக்கவேணும்.

இனி எஞ்சினிலயும் ஒவ்வொரு சாமானாப் பாத்தன். கார்புரேட்டர் வெபர் 28 ஐ.எம்.பி., 500 எஃப்க்கு 26 எண்டு தெரியும். ஹெட்டில எஃப்.எஸ்.எம். எண்டு வார்ப்பு எழுத்து. விசிறியைச் சுத்தின தகரக் கூடு மட்டும் பழசு, உள்பக்கத்தில காரின்ரை அதே நீலப் பெயின்ற் தெறிச்சிருக்கு. பற்றரிக்கு மின்சாரம் குடுக்கிற பழைய டைனமோ இருக்கவேண்டிய இடத்தில அதுக்குப் பதிலா வந்த ஓல்டர்னேட்டர். ஆனா சுவரில பழைய ரெகுலேட்டர் பெட்டி வயர் அறுந்தபடி சும்மா தொங்குது. கழட்டக்கூட இல்லை.

#15 · சூரிச்_ஸ்பானர்

எஃப்.எஸ்.எம். எண்டா போலந்துத் தொழிற்சாலை. அங்க 126 செய்யத் தொடங்கினது 1973இல. பிந்தி இத்தாலியில வித்த 126களும் போலந்தில இருந்துதான் வந்தவை. 1969ஆம் ஆண்டுக் காரில அந்த எழுத்து வரவே ஏலாது.

ஓல்டர்னேட்டரை மட்டும் வைச்சுத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. நல்ல 500காரரும் லைற் மங்குது எண்டு அதை மாத்துறவை. இந்தக் காரில டைனமோவின்ரை தண்டிலதான் எஞ்சினைக் குளிர்விக்கிற விசிறியும் பூட்டியிருக்கு. அதால மாத்தேக்க விசிறியும் சேந்து கழரும், கூடும் கழரும். அவசரத்தில மாத்தினவனின்ரை கைவேலை அந்த இடத்திலதான் தெரியும். நட்டுகளைப் பாரும், எல்லாம் ஒரே சாதியா?

#16 · பலேர்மோவாசி

எட்டில மூண்டு வேற சாதி. ஒண்டு மரத்துக்கு அடிக்கிற ஆணி மாதிரி.

#17 · கார்புரேட்டர்_சென்னை

பாடி மட்டுமாச்சும் எஃப்தானா?

#18 · சூரிச்_ஸ்பானர்

படத்தில பாத்த அளவில எஃப்தான். கதவு முன்பக்கக் கீலில திறக்குது. 500 டி எண்டா பின்பக்கம் கீல், காத்துக்கு எதிராத் திறக்கும். டாஷ்போர்ட்டில பெயின்ற் அடிச்ச இரும்பு தெரியுது, சின்ன மீற்றர். எல் எண்டா கறுப்பு டாஷ்போர்ட், ஃபியட் 850 காரில இருந்து எடுத்த அகல மீற்றர். ஆனா பம்பரில வளைஞ்ச குழாய் ஒண்டு நிக்குது பாரும், அது எல்இன்ரை நகை. எஃப்க்கு அது இல்லை. எல்லுக்கும் சேசிஸ் வகை 110 எஃப்தான். அதால தகட்டை வைச்சு எஃப், எல் பிரிக்கேலாது, கண்ணாலதான் பிரிக்கவேணும். குழாயைக் கழட்டினா ஓட்டை இருக்கும், மூடிவிடும். இல்லாட்டி இருக்கட்டும், வடிவாத்தான் இருக்கு.

#19 · எண்_பொருத்தம்

எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம் பூட்டும் பின் பிரேக் டிரம், பம்பர் என்று எல்லாம் வேறு வேறு காரிலிருந்து. இன்னும் இதை 1969 கார் என்று சொல்ல முடியுமா? இது ஏமாற்று வேலை அல்லாமல் என்ன?

#20 · பழைய_பத்மினி

சார், ஒரு வண்டி அம்பது வருசம் ஓடியிருக்குன்னா அதுல நாலு கை பட்டிருக்கும். தொடாம இருந்த வண்டின்னா ஒண்ணு மியூசியத்துல இருந்திருக்கணும், இல்ல அந்த வீட்டுல பணம் இருந்திருக்கணும். அந்த மனுசன் தெரிஞ்சு மறைச்சாரா, தெரியாமயே சொன்னாரான்னு முதல்ல கேளுங்க தம்பி. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்.

#21 · பலேர்மோவாசி

ஐயா சொன்னபடி போன ஞாயிறு போய்க் கேட்டன். வீட்டுக்குள்ள கூப்பிட்டுக் கோப்பி தந்தார். எஞ்சின் 126 எண்டு சொன்னவுடன அவருக்குக் கோவம் வரேல்லை, ஆச்சரியம்தான் வந்தது. "அது அப்பா மாத்தினது, எண்பதுகளில. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளில இருந்து அதுதான் இருக்கு" எண்டார். அவருக்கு ஒரிஜினல் எண்டா அப்பா விட்டுட்டுப் போன மாதிரி. நான் என்னத்தைச் சண்டை பிடிக்க?

கோப்பி குடிச்சு முடிய அவரே கேட்டார், "பழசு வேணுமோ?" பின்னால எலுமிச்சைத் தோட்டம், மூலையில ஒரு தகரக் கொட்டில். ஒலிவ் அள்ளுற வலை, உடைஞ்ச கதிரை, அதுக்குக் கீழ சாக்கால சுத்தின எஞ்சின். சாக்கு கையோட உதிர்ந்துபோச்சு. விசிறிக் கூடு இல்லாத மொட்டை எஞ்சின். கூடுதான் என்ரை காரில இருக்கே! அவரின்ரை மேல்சட்டைத் துணியாலயே துடைச்சன். 110 எஃப்.000.

ஹெட்டைக் கழட்டிப்போட்டன். ஒரு பிஸ்டன் துருவில இறுகி நிக்குது. மேல தெரியுற சுவரில வெர்னியர் வைச்சா 67.8 காட்டுது. 67.4 எண்டுதானே சொன்னீங்கள் அண்ணை?

#22 · சூரிச்_ஸ்பானர்

சரியாத்தான் காட்டுது. ஃபியட் பிஸ்டன் 0.2, 0.4, 0.6 எண்டு பெரிசாக்கி வரும். 67.4ஓட 0.4. ரெண்டாம் அளவுக்குக் கடைஞ்ச எஞ்சின். அப்பாக்காரர் தூக்கி எறியமுதல் ஒருக்காத் திருத்திப் பாத்திருக்கிறார் எண்டு அர்த்தம். இனி 68.0க்கு இன்னும் ஒருக்காக் கடைய இடமிருக்கு. அதுவும் சரிவராட்டி, சிலிண்டர் தனித்தனியாக் கழருற எஞ்சின், புது சிலிண்டரே வாங்கிப் போடலாம். கிராங்க் சுத்துதோ எண்டு முதல் பாரும்.

#23 · பழைய_பத்மினி

இறுகின பிஸ்டனைச் சுத்தியலால தட்டாதீங்க தம்பி. டீசலும் கியர் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஊத்தி, ஒரு வாரம் மறந்துடுங்க. அப்புறம் மரக்கட்டை வச்சு மெதுவா. அலுமினிய பிளாக்கு, கோவத்துல தட்டுனா போச்சு.

#24 · எண்_பொருத்தம்

கொட்டிலில் கிடைத்த எஞ்சின் அந்தக் காரினுடையதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

#25 · பலேர்மோவாசி

சொல்லேலாதுதான். ஆனா என்ரை விசிறிக் கூட்டின்ரை உள்பக்கத்தில ஒரு நீளக் கீறல் இருக்கு. இந்த எஞ்சினில கூடு உரசுற ஒரு மூலை மழுங்கி மினுங்குது. வைச்சுப் பாத்தன், கீறலும் மூலையும் ஒரே நேரா வருது. ஏலக்காரனுக்குப் போதாது, எனக்குப் போதும்.

இப்பத்தைய முடிவு இதுதான். 110 எஃப் எஞ்சினை மாரிகாலம் முழுக்க இருந்து மெதுவாத் திருத்திப் போடுறன். 652ஐ சாக்கில சுத்தி அதே மாதிரி எடுத்து வைக்கிறன். கியர்பொக்ஸை இப்ப தொடேல்லை, எனக்கு அந்த ரெண்டாம் கியரில ஆசை. சில்லு விசயத்தைத்தான் உடன பாக்கவேணும். ஆரிட்டயாவது 190 வட்டத்துக்குப் பின் டிரம் சோடி இருந்தாச் சொல்லுங்கோ, தபால் செலவு என்ரை.

#26 · சூரிச்_ஸ்பானர்

என்ரை கார்க் கொட்டிலில ரெண்டு டிரம் இருக்கு எண்டு நினைச்சு இப்ப இறங்கிப் போய் அளந்திட்டு வாறன். ஒண்டு 190. மற்றது 98.